ஸீனியா, ஜிஎஸ்பி டேங்க் முழுக்கப் பரவுதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கடல்நீரில் பவளம் வளர்க்கும் தொட்டியான ரீஃப் டேங்கைப் புதிதாக ஆரம்பிப்பவர்கள் கையில் முதலில் வந்து சேர்வது ஸீனியா, ஜிஎஸ்பி என்கிற கிரீன் ஸ்டார் பாலிப், கென்யா ட்ரீ, காளான் பவளம் மாதிரியான மென்பவளங்கள்தான். லேசில் சாகாது, சீக்கிரம் வளரும். அந்தக் குணமே பிறகு தலைவலியாகிறது. யாராவது ஸீனியாவைச் சும்மா தருகிறேன் என்றால், அவர் டேங்கில் அது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் 200 லிட்டர் டேங்குக்கு. புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துத் தண்ணீர், வெயில், கரண்ட் நிலவரத்துக்குப் பொருந்தும்படி எழுதியது. உங்கள் அறிகுறிக்கான தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரு விஷயம்: இந்தப் பவளங்களை மட்டும் கொன்று மற்றதை விட்டுவைக்கிற மருந்து எதுவும் இல்லை. நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மருந்தான ஃபென்பெண்டசோலை ஊற்றினால் ஜிஎஸ்பியும் ஸீனியாவும் போகும் என்று சொல்வார்கள். போகும்தான். கூடவே நத்தை, மணலில் இருக்கும் புழு எல்லாம் போகும். மருந்து பாறைக்குள் ஊறி நிற்பதால் பிறகு வாங்கி விடும் நத்தைகளும் பிழைக்காது. மெயின் டேங்கில் அதைத் தொடவே வேண்டாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் எடுத்து வைக்க வேண்டியவை: பொடியில்லாத நைட்ரைல் கையுறை, கண்ணாடி (கண்ணுக்குத்தான்), 10 முதல் 12 மில்லிமீட்டர் டியூப் இரண்டு மீட்டர், 200 மைக்ரான் ஃபில்டர் சாக், இரண்டு பக்கெட், மெல்லிய பிளேடு, நீளமான ட்வீஸர், சூப்பர் குளூ ஜெல், இரண்டு பகுதி எபாக்ஸி புட்டி, புது ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கப். இத்துடன் 20 லிட்டர் உப்புநீர் முன்தினமே கலந்து தயாராக இருக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 36 கிராம் உப்பு போட்டு, உப்பு அளக்கும் கருவியான ரெஃப்ராக்டோமீட்டரில் 1.025 வரும்வரை சரிபாருங்கள். ரெஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ தண்ணீரில் ஜீரோ வைத்தால் மட்டும் போதாது, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் காலிபரேட் செய்திருக்க வேண்டும். சாதா சூப்பர் குளூ தண்ணீரில் ஓடிவிடும், ஜெல்தான் வேண்டும்.

அறிகுறி 1: ஒரு பாறையில் வைத்த ஸீனியா பக்கத்துப் பாறைக்கு ஏறிவிட்டது

அ. பாறைகள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா?

பெரும்பாலும் காரணம் இதுதான், செலவும் இல்லை. ஸீனியா தன் அடிப்பாகத்தை இழுத்து இழுத்து நகரும். சாய்ந்து தொடுகிற இடத்தில் புதுக் கால் பிடிக்கும். இரண்டு பாறைகளுக்கு நடுவில் வெறும் மணல் 15 சென்டிமீட்டராவது இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இடைவெளி இருப்பது போலத் தெரியும், மேலே இருந்து பார்த்தால் இரண்டும் முட்டிக்கொண்டிருக்கும். அலை உண்டாக்கும் மோட்டாரான வேவ்மேக்கர் ஓடும்போதும் பாருங்கள். அலையில் கிளை எவ்வளவு தூரம் சாய்கிறதோ, அதுவரை அதற்கு எட்டும்.

தொடுகிறது என்றால் பாறையைத் தள்ளி வைத்துவிட்டு நான்கு வாரம் பாருங்கள். வாரம் ஒரு தடவை ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுங்கள். கண்ணால் பார்த்து "பரவலை" என்று சொல்வது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

ஆ. தள்ளி வைத்த பிறகும் புதுப் பாறையில் முளைக்கிறதா?

அப்படியானால் ஏறிய கால் அங்கே தங்கிவிட்டது. பாறையைத் தூக்க முடியுமானால் தூக்குங்கள், தண்ணீருக்கு வெளியே செய்யும் வேலைதான் சுத்தமாக முடியும். ஒரு பக்கெட்டில் டேங்க் தண்ணீரை எடுத்து, பாறையை அதில் வைத்து, ஸீனியாவின் தண்டைப் பிடித்துக்கொண்டு அடியோடு பிளேடால் சீவுங்கள். தண்டை மட்டும் வெட்டி, பாறையில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் தோலை விட்டுவிட்டால் அருகம்புல் மாதிரி திரும்ப முளைக்கும். அந்தத் தோல் வழவழப்பாக, வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு நிறத்தில் இருக்கும். நகத்தால் சுரண்டினால் பிசின் மாதிரி உருளும். அது போய், பாறையின் சொரசொரப்பு விரலில் படும்வரை பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு இரண்டாவது பக்கெட்டில் அலசி, அந்த இடத்தில் எபாக்ஸி புட்டியை மெல்லிதாகப் பூசிவிட்டு உள்ளே வையுங்கள். பாறை வெளியே கால் மணி நேரத்துக்கு மேல் காயக்கூடாது. மறுபக்கத்தில் மற்ற உயிர்கள் இருக்கும், அதற்கு மேல் தாங்காது.

ஸீனியா உடைந்தால் வீடே நாறும். மொட்டைமாடியிலோ கொல்லையிலோ வைத்துச் செய்வது நல்லது.

இ. பாறையைத் தூக்க முடியாதா?

ரிட்டர்ன் பம்ப் (கீழ்த் தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது), வேவ்மேக்கர் இரண்டையும் நிறுத்துங்கள். டியூபின் ஒரு முனையை ட்வீஸரோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, மறுமுனையைப் பக்கெட்டுக்குள் தொங்கும் ஃபில்டர் சாக்கில் விட்டு, தண்ணீரை இழுக்கத் தொடங்குங்கள். சுரண்டும் முனையும் உறிஞ்சும் முனையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கணக்கு. உடையும் துண்டு நேராக டியூபுக்குள் போக வேண்டும். ஒரு துண்டு தப்பிப் பாறை இடுக்கில் உட்கார்ந்தால் அது ஒரு புதுச் செடி. 20 லிட்டர் இறங்கியதும் நிறுத்திவிட்டு, தயாராக வைத்த உப்புநீரை ஊற்றுங்கள். மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

மிச்சம் சிறு புள்ளிகள்தான் என்றால் கால்சியம் ஹைட்ராக்சைடு பேஸ்ட் வேலை செய்யும். ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள், வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் இருக்காது. அரை டீஸ்பூன் பொடியில் சில சொட்டு ஆர்ஓ தண்ணீர் விட்டு, டூத்பேஸ்ட் பதத்தில் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றிப் புள்ளியின் மேல் மூடுகிற மாதிரி வையுங்கள். பம்புகள் 20 நிமிடம் நின்றிருக்கட்டும். பிறகு கரையாமல் நிற்கும் பேஸ்டை டியூபால் உறிஞ்சி எடுத்துவிட்டு பம்பைப் போடுங்கள். 200 லிட்டருக்கு அரை டீஸ்பூன் பொடிதான் ஒரு நாள் வரம்பு. அதற்கு மேல் போனால் பிஹெச் தாவும், மீன் மேலே வந்து மூச்சு வாங்கும்.

ஈ. எடுத்து எடுத்து மாளவில்லையா?

அப்போது தண்ணீரைப் பாருங்கள், அதற்கு அறிகுறி 2-இன் கடைசிப் பகுதியைப் படியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் பாறையையே மாற்றுவதுதான் வழி. மாற்றுப் பாறையாகக் காய்ந்த பாறையை வாங்குங்கள். மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது, கடலில் இப்போதுதான் எடுத்தது என்று யாராவது கொடுத்தால் தொடாதீர்கள். கல் பவளம், கடல் விசிறி எல்லாம் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பாறையில் ஒட்டி வந்தாலும் சிக்கல்தான்.

அறிகுறி 2: ஊதா நிறப் பாய் கண்ணாடியிலும் பின்சுவரிலும் ஏறுகிறது

இது ஜிஎஸ்பி. இரவில் பச்சைப் பாலிப்கள் உள்ளே போய்விட்டால் ஊதா நிறத்தில் ரப்பர் மாதிரி ஒரு படலம் மட்டும் தெரியும். அதுதான் பரவுவது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, இதை எடுக்கத்தான் வேண்டுமா என்பது. பின்கண்ணாடியில் மட்டும் இருந்து, பாறையைத் தொடாமல் இருந்தால் விட்டுவிடலாம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஓவர்ஃப்ளோ பல்லில் (தண்ணீர் வழிந்து கீழே போகும் சீப்பு மாதிரி இடம்) ஏறினால் விடக்கூடாது. பல் அடைபட்டால் டேங்க் நிரம்பித் தரையில் கொட்டும்.

கண்ணாடியில் என்றால்: எடுப்பது சுலபம். பம்பை நிறுத்தி, ஓரத்தில் பிளேடை நுழைத்து, தூக்கிய விளிம்பைக் கையால் பிடித்து மெதுவாக இழுத்தால் கர்ச்சீஃப் அளவுக்குப் பெரிய துண்டாக உரிந்து வரும். அக்ரிலிக் டேங்கில் பிளேடு ஆகாது, பழைய ஏடிஎம் கார்டு போதும். கண்ணாடியின் மூலையில் சிலிகான் ஓடும் இடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் முன்னாலேயே பிளேடை நிறுத்துங்கள். சிலிகானைக் கீறினால் உடனே ஒன்றும் தெரியாது, சில மாதம் கழித்து ஒழுகும். மூலையில் இருப்பதை விரலால் மட்டும் உரியுங்கள்.

பாறையில் என்றால்: பாய் பாறையின் ஓட்டைகளுக்குள்ளும் இறங்கியிருக்கும். மேலே உரித்தால் இரண்டு வாரத்தில் ஓட்டை வழியாகத் திரும்ப வரும். உரித்தவுடன் ஓட்டைகளைப் புட்டியால் அடைப்பது ஒரு வழி. ஒரே ஒரு பாறைதான் என்றால் சம்ப் என்கிற கீழ்த் தொட்டியில் வெளிச்சம் படாத இடத்தில் நான்கு முதல் ஆறு வாரம் வைப்பது இன்னொரு வழி. இது வெளிச்சத்தை நம்பி வாழ்வது, இருட்டில் மெலிந்து போகும். மூன்றாவது, பாறையின் அந்தப் பாகத்தை உளியால் உடைத்து எடுத்துவிடுவது. எங்கள் பரிந்துரை மூன்றாவதுதான். சிலருக்குப் பாறையை உடைக்க மனசு வராது. ஆனால் ஒரே தடவையில் தீருவது அதில்தான்.

எபாக்ஸி புட்டி, குளூ ஜெல் எது போட்டாலும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரில் நுரை பொங்கும். ஒரு நாள் கப்பைக் கழற்றி வையுங்கள், அல்லது ஸ்கிம்மரை நிறுத்திவிட்டுக் காற்று மோட்டார் ஒன்றை ஓடவிடுங்கள்.

பரவும் வேகம் திடீரெனக் கூடியிருந்தால்: தண்ணீரில் நைட்ரேட் 20 பிபிஎம்முக்கு மேல், பாஸ்பேட் 0.1-க்கு மேல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எங்கிருந்து வருகிறது என்பதை இந்த வரிசையில் தேடுங்கள்.

ஒன்று, தீனி. ஃப்ரோசன் தீனியைக் கரைத்த தண்ணீரோடு ஊற்றுகிறீர்களா? வலையில் வடிகட்டிப் போடுங்கள். மார்க்கெட் இறாலை அரைத்துப் போடுவது இந்தப் பக்கம் வழக்கம். அரைத்ததும் வரும் பால் மாதிரித் தண்ணீரில்தான் பாஸ்பேட் இருக்கிறது. அலசிவிட்டுப் போடுங்கள், அல்லது பொடியாக நறுக்கிப் போடுங்கள்.

இரண்டு, ஆர்ஓ தண்ணீர். சமையலறை ஆர்ஓ மெஷினில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். குடிக்கச் சுவையாக இருக்க வேண்டும் என்று போர் தண்ணீரை அது கொஞ்சம் கலந்துவிடும். வெளியே வரும் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பார்த்தால் 50, 100 என்று காட்டும். டேங்குக்கு 5-க்குக் கீழே இருக்க வேண்டும், 0 வந்தால் இன்னும் நல்லது. திருகை முழுதும் மூடுங்கள். அதற்கும் மேல் காட்டினால் மெம்பிரேன் போயிருக்கும், அல்லது மிச்ச உப்புகளையும் எடுக்கும் டிஐ கேட்ரிட்ஜ் ஒன்றை வெளியே சேர்க்க வேண்டும். மினரல் கேட்ரிட்ஜ் இருக்கிற மெஷினில், தண்ணீரை அதற்கு முன்னால் இருக்கிற குழாயில் பிடியுங்கள்.

மூன்று, கடல் தண்ணீர். வீராம்பட்டினத்திலோ தேவனாம்பட்டினத்திலோ கேனில் பிடித்து வருபவர்கள் உண்டு. கோடையில், கரையிலிருந்து தள்ளி, படகுக்காரர் மூலம் எடுத்தால் பரவாயில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எடுக்கவே கூடாது. சங்கராபரணி, தென்பெண்ணை, கெடிலம் எல்லாம் மழைத் தண்ணீரைக் கடலில் கொண்டு வந்து கொட்டுகிற காலம். உப்பு இறங்கும், வயல் உரமும் கலங்கலும் சேரும். உப்பனாற்று முகத்துவாரம், துறைமுக வாய் பக்கம் எந்த மாதமும் வேண்டாம். எடுத்த தண்ணீரை ஒரு வாரம் இருட்டில் மூடி வைத்து, தெளிந்ததை மட்டும் இழுத்து, உப்பு அளந்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

நான்கு, இத்தனைக்குப் பிறகும் பாஸ்பேட் இறங்கவில்லை என்றால், அதை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளான ஜிஎஃப்ஓ. பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி போட்டு ஆரம்பியுங்கள். ஒரே வாரத்தில் பூஜ்யத்துக்கு இறக்கினால் ஜிஎஸ்பிக்கு ஒன்றும் ஆகாது, மணலில் பழுப்பு நிறச் சளியாக டைனோ என்கிற நுண்ணுயிர் வந்துவிடும். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை, அங்கே நின்றால் போதும். தண்ணீரைச் சுத்தம் செய்வதால் பரவும் வேகம் குறையும், இருப்பது போகாது. போக வேண்டுமானால் கையால்தான் எடுக்க வேண்டும்.

அறிகுறி 3: வைக்காத இடத்தில் குட்டிச் செடி முளைக்கிறது

கென்யா ட்ரீதான், சந்தேகமே வேண்டாம். அது கிளை நுனியைத் தானே கிள்ளிப் போடும். அது மிதந்து போய், எங்கே சிக்குகிறதோ அங்கே ஒட்டும்.

ஒட்டி ஒரு வாரத்துக்குள் பார்த்தால் ட்வீஸரால் கிள்ளினாலே வந்துவிடும். ஒரு மாதமானால் பாறையோடு சீவ வேண்டும். தாய்ச் செடி அடிக்கடி கிள்ளிப் போடுகிறது என்றால் பெரும்பாலும் அலை வேகம் காரணம். வேவ்மேக்கர் நேராக அதன் மேல் அடிக்கிறதா பாருங்கள், திருப்பி வையுங்கள். வெளிச்சம், உப்பு அளவு திடீரென மாறியிருந்தாலும் கிள்ளிப் போடும்.

வேவ்மேக்கர் கூண்டு, ஓவர்ஃப்ளோ பல், ரிட்டர்ன் பம்ப் வாய், இந்த மூன்று இடத்தையும் வாரம் ஒரு தடவை பாருங்கள். ரிட்டர்ன் குழாயில் தண்ணீர் குறைந்து, பம்பைக் கழற்றிப் பார்த்தும் சுத்தமாக இருந்தால் குழாய்க்குள்ளேயே செடி வளர்ந்திருக்கலாம். யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) இருக்கிற குழாய் என்றால் கழற்றிப் பாட்டில் பிரஷ்ஷால் தேய்க்கலாம். சிமென்ட் போட்டு ஒட்டிய பிவிசி என்றால் நீங்களே அறுக்காதீர்கள், மரைன் டேங்க் பிளம்பிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 4: காளானை வெட்டி எடுத்தேன், இப்போது முன்பைவிட அதிகமாக இருக்கிறது

தலையை வெட்டினால் அடிக்கால் பாறையில் நிற்கும், அதிலிருந்து இரண்டு மூன்று வரும். வெட்டிய தலையும் எங்காவது ஒட்டும். ஆகவே காளானை வெட்டாதீர்கள்.

சிறியது: குளூ ஜெல்லை முழுதும் மூடுகிற மாதிரி போட்டு, அதன் மேல் புட்டி வையுங்கள். தொட்டவுடன் காளான் சுருங்கும். சுருங்கிய பிறகு மூடினால் குறைந்த பசை போதும்.

பெரியது: காளான் நிற்கும் பாறைத் துண்டோடு உளியால் பெயர்த்து எடுங்கள். எடுத்த துண்டை மணல் நடுவில் தனியாக வைக்கலாம், வேண்டுகிறவருக்குக் கொடுக்கலாம்.

கால்சியம் ஹைட்ராக்சைடு பேஸ்ட் காளானுக்கு நன்றாகவே வேலை செய்யும். அறிகுறி 1-இல் சொன்ன அதே அளவு, அதே வரம்பு.

அறிகுறி 5: பக்கத்துப் பவளம் சுருங்குகிறது, விரிய மாட்டேன் என்கிறது

தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். தொட்டால் பிரியுங்கள்.

தொடவில்லை என்றால் கார்பனைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? மென்பவளங்கள் தண்ணீரில் விஷப்பொருளை விட்டுத்தான் இடம் பிடிக்கின்றன. சின்ன டேங்கில் லெதர் பவளமும் ஸீனியாவும் நிறைய இருந்தால் அது சேர்ந்துகொண்டே போகும். 200 லிட்டருக்கு ஒரு கப் கார்பன், மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். போடும் முன் ஆர்ஓ தண்ணீரில் கறுப்பு போகும்வரை அலசுங்கள். மாற்றி மூன்று நாளில் பவளம் விரிந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

விரியவில்லை என்றால் உப்பு, ஆல்கலினிட்டி (பிஹெச் தாவாமல் தண்ணீர் தாங்கும் திறன்), வெப்பம் மூன்றையும் அளங்கள். உப்பு 1.025, ஆல்கலினிட்டி 8 முதல் 9 டிகேஹெச், வெப்பம் 25 முதல் 27 டிகிரி. லெதர் பவளம் மட்டும் மெழுகு பூசினது மாதிரிப் பளபளத்துச் சுருங்கியிருந்தால் அது தோல் உரிக்கிறது. ஒரு வாரம் பொறுங்கள், அலை கொஞ்சம் கூடப் படட்டும்.

மே மாதத்தில் வரும் புகார்களில் பாதி வெப்பம்தான். ஏசி இல்லாத அறையில் டேங்க் 31, 32 போய்விடும். மூடியைத் திறந்து ஃபேன் வைத்தால் ஆவியாகிக் குளிரும் என்பது உள்நாட்டில் நன்றாக நடக்கும். கடலோர ஈரப்பதத்தில் இரண்டு டிகிரி இறங்கினாலே பெரிது. அத்துடன் ஆவியாகிற தண்ணீரை ஆர்ஓவால் ஈடுகட்டாவிட்டால் உப்பு ஏறும். வெளிச்சத்தை மதியத்திலிருந்து மாலைக்கு மாற்றுவது, ஏசி இருக்கிற அறைக்கு டேங்கை மாற்றுவது, கடைசியாக சில்லர். சில்லர் விடும் சூடு அதே அறையிலேயே சுற்றினால் கரண்ட் பில் மட்டும்தான் ஏறும். பின்பக்கத்தை ஜன்னல் பக்கம் திருப்புங்கள்.

அறிகுறி 6: ஸீனியா மொத்தமாக உருகுகிறது, தண்ணீர் வெள்ளையாகிறது

இது அவசரம். வேறு தலைப்புகளைப் படிக்க நேரமில்லை, இந்த வரிசையில் செய்யுங்கள்.

உருகுவதை உடனே உறிஞ்சி வெளியே எடுங்கள். நின்றுகொண்டிருக்கும் ஸீனியாவும் சளியாகியிருந்தால் அதையும் எடுங்கள், பிழைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். அம்மோனியா அளங்கள். 0.25 பிபிஎம் அல்லது மேலே என்றால் 30 சதவீதத் தண்ணீர் மாற்றம். 20 லிட்டர்தான் தயாராக இருக்கிறது என்றால் அதை ஊற்றிவிட்டு மீதியைக் கலக்க ஆரம்பியுங்கள். அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனர் கையில் இருந்தால் போடுங்கள். கார்பன் மாற்றுங்கள், மூன்றாவது நாள் மறுபடி மாற்றுங்கள். தீனி இரண்டு நாள் வேண்டாம். காற்று மோட்டார் ஓடட்டும்.

பிறகு காரணம் தேடலாம். ஒரே நாளில் பாதிக்கு மேல் ஸீனியாவைப் பிடுங்கியதுதான் அடிக்கடி காரணம். மிச்சம் நின்றது அடிபட்டு உருகும். நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒரு வாரத்தில் எடுக்காதீர்கள். அடுத்தது உப்பு தாவியது. கேனில் வந்த தண்ணீரை அளக்காமல் ஊற்றியிருப்பீர்கள். அதற்கடுத்தது கரண்ட் போனது.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே, 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் என்று புயல்கள் கரையேறியதெல்லாம் இந்தக் கரையில்தான். மழைக்காலம் வருமுன் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும், வேவ்மேக்கர் ஒன்றுக்கு இன்வெர்ட்டர் லைனும் இருக்க வேண்டும். லைட்டும் ஸ்கிம்மரும் இரண்டு நாள் இல்லாமல் போகட்டும், அலை நிற்கக் கூடாது. ஸீனியா நிறைந்த டேங்கில் அலை நின்றால் முதலில் அதுதான் உருகும், அது உருகினால் மற்றது எல்லாம்.

ஆறு மணி நேரம் கழித்து மறுபடி அளந்தும் அம்மோனியா இறங்கவில்லை, மீன் மேல்பரப்பில் நிற்கிறது என்றால் மீனையும் மிச்சமுள்ள பவளத்தையும் வேறு ஓடும் டேங்குக்கு மாற்றத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 7: ஸோவாந்திட் பரவுகிறது

பொத்தான் மாதிரி வட்டமாக, ஓரத்தில் மயிர் வரிசை உள்ளது. மேலே சொன்ன சீவல், தேய்ப்பு, பிரஷ் எதுவும் இதற்குக் கிடையாது.

இதில் சில வகைகளில், குறிப்பாகப் பாலித்தோவாவில், பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. பாறையை வெந்நீரில் போடுவது, கொதிக்க வைப்பது, மைக்ரோவேவில் வைப்பது, காயவைத்துத் தேய்ப்பது எல்லாமே அந்த விஷத்தைக் காற்றில் ஏற்றி வீட்டில் இருக்கிறவர்கள் அனைவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடியவை. பாறையைச் சுத்தம் செய்யக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

செய்யக்கூடியது: கையுறை, கண் கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே, பாறைத் துண்டோடு முழுசாக எடுத்து வெளியே வைப்பது. அல்லது அப்படியே புட்டியால் மூடுவது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். குழந்தைகளை அறைக்கு வெளியே அனுப்புங்கள்.

வேலைக்குப் பிறகு வாயில் கசப்பு அல்லது உலோகச் சுவை, காய்ச்சல், நடுக்கம், தசை வலி, மூச்சுத் திணறல், கண் எரிச்சல் எது வந்தாலும் உறங்கி எழுந்தால் சரியாகும் என்று இருக்காதீர்கள். கண்ணில் தெறித்தால் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் கழுவிக்கொண்டே கிளம்புங்கள். புதுச்சேரி என்றால் கோரிமேடு ஜிப்மர், கடலூர் என்றால் அரசு தலைமை மருத்துவமனை, வண்டி இல்லை என்றால் 108. "மீன் தொட்டிப் பவளம், பாலிடாக்சின்" என்ற வார்த்தைகளை ஒரு காகிதத்தில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். வெறும் மீன் தொட்டி என்று சொன்னால் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஒரு பாறைக்கு மேல் பரவியிருந்தால் இதை நீங்கள் செய்ய வேண்டாம்.

அறிகுறி 8: பழுப்பு நிறத்தில் சின்னத் தென்னை மாதிரி, தொட்டால் பாறைக்குள் மறைகிறது

இது மென்பவளம் இல்லை, ஐப்டேசியா என்ற கடல் அனிமோன். ஸீனியாக் குட்டி என்று நினைத்துச் சீவினால் பத்தாகும். கால்சியம் ஹைட்ராக்சைடு பேஸ்டை அந்த அனிமோனின் வாயில் போடுங்கள், அல்லது பெப்பர்மின்ட் இறால் விடுங்கள். பட்டர்ஃப்ளை மீன் விட்டால் இதைத் தின்னும், கூடவே நீங்கள் காசு கொடுத்து வாங்கினதையும் தின்னும்.

ஆளைக் கூப்பிடும்போது

மேலே சொன்னவற்றைத் தவிர 400 லிட்டருக்கு மேலான டேங்க், சிமென்ட் போட்டு ஒட்டிய பாறை அடுக்கு, சிலிகானுக்கு அடியில் நுழைந்த ஜிஎஸ்பி, டேங்க் தண்ணீரில் கை வைத்தால் ஷாக் அடிப்பது, இதற்கெல்லாம் ஆள் வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு முதலில் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

நன்னீர் மீன் கடைக்காரர் எல்லாருக்கும் மரைன் தெரியும் என்று இல்லை. சென்னை கொளத்தூரிலிருந்து ஆள் வரவழைத்தாலும் போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள்: பாறையை வெளியே எடுக்கும்போது மற்ற உயிர்களை எதில் வைப்பீர்கள், ஸோவாந்திட்டுக்கு என்ன பாதுகாப்பு, எடுத்ததை எங்கே போடுவீர்கள். முதலாவதுக்குத் தடுமாறினால் வேறு ஆள் பாருங்கள்.

மூன்றாவது கேள்விக்கான சரியான பதில்: கடலிலும் இல்லை, வாய்க்காலிலும் இல்லை. வெனிசுலா கடலில் மீன் தொட்டி வியாபாரத்திலிருந்து தப்பிப் போன ஸீனியா வகை ஒன்று, அங்குள்ள பவளப் பாறைகளையும் கடற்புல்லையும் மூடிக்கொண்டு பரவியிருக்கிறது. இங்கே கடல் தெருக்கோடியில்தான் இருக்கிறது. சீவி எடுத்த ஸீனியா, ஜிஎஸ்பி, கென்யா ட்ரீயை ஒரு பக்கெட் நன்னீரில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். ஸோவாந்திட் துண்டுகளைக் காயவிடாமல், ஈரத்தோடு, இரண்டு பையில் கட்டிப் போடுங்கள். ஃபில்டர் சாக்கை அலசிய தண்ணீரும் டேங்க் தண்ணீரும் கழிவறையில் போகட்டும். கொல்லையில் கொட்டினால் உப்பில் வாழையும் முருங்கையும் கருகும்.